‘தயவுசெய்து’ என்று எழுதியவள்

ஜனவரி 9

வாயாடிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். உள்ளே காசோலை எதுவும் இல்லை. அதனால் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பதினோராம் தேதி மதியம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘அன்புள்ள அண்ணா, இது என் புதிய எண். விபத்தில் தாடை உடைந்துவிட்டது, பேச முடியாது. நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. என் கணக்கை வங்கி முடக்கி வைத்திருக்கிறது. அம்மாவின் வீட்டை விற்றதில் நான் வேண்டாம் என்று கிழித்தனுப்பிய பங்கை மருத்துவமனைக் காசாளரின் கணக்குக்கு அனுப்பி வையுங்கள், தயவுசெய்து.’ கீழே உங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனையின் பெயரும் ஒரு கணக்கு எண்ணும் இருந்தன.

அனுப்பிவிட்டேன். நீ காசோலையை இரண்டாகக் கிழித்துத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து உன் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். கஷ்டம் வந்தபோதுகூட அதில் கை வைத்ததில்லை. செய்தி வந்து நாற்பது நிமிடத்தில் மொத்தமும் போய்விட்டது. அதை எழுதியது நீ இல்லை என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். யார் பெயரைச் சொல்லிக் கேட்டார்களோ அவர், ‘நான் கேட்கவும் இல்லை, எனக்கு வரவும் இல்லை’ என்று பேனாவால் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். படிவம் இத்துடன் இருக்கிறது. மூன்று வரிதான். மார்ச் பத்துக்குள் எல்லாத் தாள்களும் சேரவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அது உன் பணம். அதனால்தான் இவ்வளவு தூரம் கேட்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 17

என் அண்ணன் நெட்டை என்று சொல்லிக்கொள்பவருக்கு,

நீங்கள் என் அண்ணன்தான் என்று நான் எப்படி நம்புவது? கையெழுத்தைப் பார்த்து எழுத நாலு நாள் பழகினால் போதும். என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்து என் கணக்கைத் துடைக்க மாட்டீர்கள் என்பது என்ன நிச்சயம்? அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒருவேளை நீ அவன்தான் என்றால் கேட்கிறேன். நான் உன்னிடம் பணம் கேட்பேனா? அதுவும் அன்புள்ள அண்ணா என்று? வையுங்கள், தயவுசெய்து என்று? பிறந்ததிலிருந்து என் வாயில் அந்த வார்த்தை வந்து நீ கேட்டிருக்கிறாயா? ஒரு வரி படித்ததுமே இவள் அவள் இல்லை என்று தெரிய வேண்டாமா? உனக்கு அறுபது வயதாகப்போகிறது. லிஃப்ட்டில் ஒரு திருகாணி தளர்ந்தால் காதாலேயே கண்டுபிடிப்பாய். சொந்தத் தங்கையின் பேச்சைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இதற்குப் பதில் சொல். அப்பாவின் கைக்கடிகாரம் என்ன ஆனது? ஊருக்குச் சொன்ன பதில் வேண்டாம்.

போன் நம்பர் கேட்காதே. குரலையும் இப்போது நகல் எடுக்கிறார்களாம். எழுது.


ஜனவரி 24

வாயாடிக்கு,

கடிகாரத்தைப் பிரித்தது நீ. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வெண்ணெய்க் கத்தியால் மூடியை நெம்பினாய். திரும்பச் சேர்க்கத் தெரியாமல் சக்கரங்களை எல்லாம் ஒரு சாக்ஸுக்குள் போட்டு என் பள்ளிப் பைக்குள் வைத்துவிட்டாய். அடி வாங்கியது நான். அந்த அடிதான் என்னை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியது என்று பின்னாளில் அப்பாவே சொல்லுவார், பாவம், உண்மை தெரியாமல். போதுமா?

நீ கேட்டது நியாயமான கேள்வி. வங்கியில் புகார் பிரிவில் இருக்கும் பெண்ணும் அதையேதான் கேட்டாள், உன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாக. “சார், நீங்களேதானே அனுப்பினீங்க. உங்க கையைப் பிடிச்சு யாரும் அழுத்தலையே. ஒரு போன் பண்ணிப் பார்த்திருக்கலாமே?” என்றாள். தாடை உடைந்தவளுக்கு எப்படிப் போன் செய்வது என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் அங்கே ஆறாவது முறையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். என்னைப்போலவே கையில் தாள்களோடு நான்கு பேர், ஆளுக்கொரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏன் நம்பினேன் என்று கேட்கிறாய். என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்ட்டுக்குள் இருந்து அபாய மணி அடித்தால், உண்மையாகவே மாட்டிக்கொண்டார்களா, விளையாட்டுக்கு அழுத்தினார்களா என்று விசாரிக்கக் கூடாது. முதலில் ஓட வேண்டும். கேள்வி எல்லாம் கதவு திறந்த பிறகு. முப்பத்து நான்கு வருடம் அப்படியே ஓடி ஓடி, அன்றைக்கும் ஓடிவிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மரியாதை எனக்கும் உறைத்தது. உறைக்காமல் இல்லை. ஆனால் ஐந்து வருடம் பேசாமல் இருந்தவள் மறுபடி பேச வரும்போது அப்படித்தான் தயங்கி வருவாள் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. நீ காசோலையைக் கிழித்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல எனக்கு யாரும் இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 1

நெட்டை,

படிவம் இத்துடன். மூன்று இடத்தில் கையெழுத்து, தேதி, எல்லாம் சரியாக இருக்கிறது. சரிபார்த்துக்கொள்.

எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டால்? ஊரில் காற்றுக்கும் காது இருக்கிறது. தபால்காரன் சொல்லியிருப்பான். வங்கிக்காரனே சொல்லியிருப்பான். அதைத் துருவிக்கொண்டிருக்காதே.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இந்த வாரம் மட்டும் பதினெட்டுப் பல் செட். வைத்தியர்கள் அச்சு எடுத்து அனுப்புகிறார்கள், நான் மெழுகில் பல் நட்டு அனுப்புகிறேன். மேசை முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களின் வாய்கள் திறந்தபடி இருக்கின்றன. ஒன்றும் பேசாது. முன்பு இங்கே மூன்று பேர் இருந்தோம். இப்போது பாதி வேலையை இயந்திரம் செய்கிறது, நான் ஒருத்திதான். காலையில் வந்து சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகும்வரை என் தொண்டையை நான் கனைத்தால்தான் சத்தம்.

வாயாடி என்று எழுதியிருக்கிறாய். அவள் போய் ரொம்ப நாளாகிறது.


பிப்ரவரி 10

வாயாடிக்கு,

படிவத்தைக் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள். அது போதாதாம்.

அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மேலதிகாரியும் இருந்தார். செய்தியை எழுதியவருக்கு வீடு விற்ற விஷயம், பங்கு, கிழித்த காசோலை எல்லாம் தெரிந்திருக்கிறது, காசோலை கிழிந்தது உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்கிறீர்கள், அப்படியானால் மிச்சம் யார் என்று கேட்டார்கள். பிறகு மேலதிகாரி குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி மேலதான் சந்தேகம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. கேஸ் வேகமா நகரும். அவங்க மேல தப்பு இல்லைன்னா விட்டுடப் போறாங்க” என்றார். எழுத மாட்டேன் என்றேன். “அப்போ பணம் வர்றது கஷ்டம் சார்” என்றார். வராவிட்டால் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன்னைச் சந்தேகப்படாததற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. பணம் அனுப்பிய மறுநாளே பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். அறுவை சிகிச்சையின்போது வெளியில் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா. பதின்மூன்றாம் தேதி காலை மருத்துவமனை வரவேற்பில் உன் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். மூன்று முறை தேடச் சொன்னேன். இல்லை. தாடைப் பிரிவுக்கே போய்க் கேட்டேன். இல்லை. அப்போது எனக்கு வந்தது சந்தோஷம்தான், சத்தியமாக. இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பணம் நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆனது.

பிறகு நீ காசோலையைக் கிழித்தனுப்பிய பழைய உறையில் இருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு உன் தெருமுனைக்கு வந்தேன். நீ பஸ் நிறுத்தத்தில் நின்று நடத்துநரோடு மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். தாடை நன்றாக வேலை செய்தது. எதிர்ப்பக்கம் ஒரு கடை வாசலில் நின்று நீ ஏறிப் போகும்வரை பார்த்துவிட்டு, நானும் ஊர் திரும்பிவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாயோ என்று பயம்.

எழுதும்போதே எழுதிவிடுகிறேன். வீட்டை ஏன் உன்னைக் கேட்காமல் விற்றேன் என்றுதானே உனக்குக் கோபம். பணத்துக்கு ஆசைப்பட்டேன் என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னாய். அம்மா போன பிறகு நான் அந்த வீட்டில் தனியாகப் பதினோரு நாள் இருந்தேன். தினமும் அம்மாவின் அறைக் கதவைச் சாத்துவேன். காலையில் திறந்திருக்கும். கீல் தேய்ந்த கதவு, அது எனக்குத் தெரியாதா, என் தொழிலே அதுதானே. தெரிந்தும் ஒவ்வொரு காலையும் எழுந்து போய்ப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் அங்கேயே இருந்திருப்பேன். எனக்குத் தெம்பு இல்லை.

உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்


பிப்ரவரி 19

நெட்டை,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிட வேண்டும்.

காற்றும் இல்லை, தபால்காரனும் இல்லை. சொன்னது நான்.

போன வருடம் மே மாதம் பட்டறையின் எண்ணுக்கு ஒருத்தி செய்தி அனுப்பினாள். அவள் அம்மாவுக்குப் பல் செட் பொருந்தவில்லை, ஈறு புண்ணாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். எங்கே உரசுகிறது, எப்படித் தேய்க்கச் சொல்ல வேண்டும் என்று விளக்கமாக எழுதினேன். மறுநாள் நன்றி சொன்னாள். அதற்கு மறுநாள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். என்னை யாரும் அதைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று உனக்குத் தெரியுமா? தெரியும், உன்னையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏழு மாதம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறையைப் பூட்டியதும் செய்தி வரும். இன்றைக்கு எத்தனை வாய் என்று கேட்பாள். சிரிப்பேன். நடுவில் அம்மாவுக்குப் புது செட், மருந்து என்று மூன்று முறை பணம் கேட்டாள், அனுப்பினேன். பெரிய தொகை இல்லை, என்னிடம் இருந்தது அவ்வளவுதான். நான்காவது முறை கேட்டபோது இல்லை என்றேன். உனக்கு யாருமே இல்லையா என்றாள். அண்ணன் இருக்கிறான் என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, காசோலை, நீ எந்த ஊர், உன் போன் எண் உட்பட. உன் எண்ணை நான் அழிக்கவே இல்லை.

அவனிடம் கேட்டுப் பாரேன் என்றாள். அதற்கு நான் எழுதிய பதில் இன்னும் போனில் இருக்கிறது, பார்த்து எழுதுகிறேன். ‘நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவன் மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுவான். அதனால்தான் கேட்க மாட்டேன்.’ அது டிசம்பர் ஒன்பது. பதினொன்றாம் தேதியிலிருந்து அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவள் அம்மா இறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் அந்த அம்மாவுக்காக அழுதேன். பிறகு உன் கடிதம் வந்தது. படிவத்தில் பணம் போன கணக்கு எண் இருந்தது. என் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். நான் கடைசியாக அனுப்பியதும் அதே எண்ணுக்குத்தான். அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் உன்னிடம் எகிறினேன், கடிகாரத்தைக் கேட்டேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும், உனக்குத் தெரியாததா.

ரசீது மூன்றும், அவளோடு பேசியதன் அச்சும் இத்துடன் இருக்கின்றன. நாற்பத்தொரு பக்கம். கீழே என் கையெழுத்து. வங்கியில் கொடு. இரண்டு பேரின் பணமும் ஒரே கணக்குக்குப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. உன் பேச்சு ஒரு பக்கம் விடாமல் வருகிறது, திட்டியும் இருக்கிறேன். படித்துத் தொலை.

இன்னொன்று. அது யாரோ, ஆணோ பெண்ணோ, ஒரு அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து எழுதியதோ தெரியாது. ஆனாலும் ஆறு மணி ஆனால் நான் இன்னும் போனைப் பார்க்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. நேரில் என்றால் வருமோ என்னவோ.


மார்ச் 3

வாயாடிக்கு,

தாள்களை வங்கியில் கொடுத்துவிட்டேன். உடனே கொடுக்கவில்லை. இரண்டு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கொடுத்தால் கண்ணாடிக்காரப் பெண் படிப்பாள், மேலதிகாரி படிப்பார், போலீஸில் ஒருவர் டீ குடித்துக்கொண்டே படிப்பார். நீ சாப்பிட்டாயா, தலைவலி தேவலையா என்று எழுதியதை எல்லாம். பணம் போனால் போகிறது என்று கொளுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு, நீ கொடு என்று எழுதியிருக்கிறாய், உன்னைக் கேட்காமல் நான் ஒருமுறை செய்தது போதும் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் முதல் சில பக்கங்களைப் புரட்டினாள். பிறகு மூடி வைத்துவிட்டு, “இது போதும் சார், மத்ததை நான் படிக்கலை” என்றாள். நல்ல பெண்.

நான் படித்தேன், நாற்பத்தொரு பக்கமும். பன்னிரண்டாம் பக்கத்தில் என்னைக் கல்நெஞ்சன் என்கிறாய். பத்தொன்பதில் அவன் கால்வலிக்கு என்ன செய்கிறானோ என்று கேட்கிறாய், யாரோ ஒருத்தியிடம். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். வரவில்லை. கால்வலி இருக்கிறது. தைலம் தடவுகிறேன்.

அண்ணன்


மார்ச் 21

வாயாடிக்கு,

முடிவு வந்துவிட்டது. வங்கியின் கடிதத்தை அப்படியே சொல்கிறேன். பணத்தை நானே என் விருப்பத்தின் பேரில் அனுப்பியதால் வங்கிக்குப் பொறுப்பு இல்லை. நீ கொடுத்த தாள்களை வைத்து அந்தக் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். ஆனால் வந்த அன்றே எல்லாவற்றையும் வேறெங்கோ உருவிவிட்டார்களாம். அடியில் ஒட்டியிருந்ததை நமக்குப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். பாதி வீடு போனது, ஒரு நல்ல நாற்காலி வாங்கும் அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். செய்கிறேன். வருடக்கணக்காகுமாம்.

உன் பணத்தை நான் தொலைத்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தேன், உன்னிடம் கொடுப்பதற்காகத்தான் தொலைத்தேன்.

அந்தச் செய்தியை எண்ணோடு அழித்துவிடச் சொன்னார்கள். நகல் கோப்பில் இருப்பதால் இனி அது தேவையில்லையாம். மூன்று முறை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆறு மணிக்குப் போனைப் பார்ப்பதற்கு நீ வெட்கப்படுகிறாய். இதைக் கேள். ஐந்து வருடத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட்டு வந்தது அந்த ஒன்றுதான். பொய் என்று தெரிந்தும் சில நாள் எடுத்துப் படிக்கிறேன்.

மிச்சப் பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது. நீயேதான் எழுதுகிறாய் என்று தெரிய ஏதாவது குறிப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 2

நெட்டை,

எந்தக் கணக்குக்கும் அனுப்பாதே. இத்தனைக்குப் பிறகும் வங்கி வழியாக அனுப்புகிறேன் என்கிறாயே, உன்னை என்ன செய்வது?

நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய் என்று தெரிந்ததால் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், எழுதிக்கொள். அந்தப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்து, பஸ் ஏறி, நீயே கொண்டு வா. என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. இரண்டாவது நாற்காலி எனக்கு இத்தனை வருடமும் தேவைப்படவில்லை. வந்த அன்றே இரண்டு பேரும் போய் ஒன்று வாங்குவோம். பேரம் நான் பேசுவேன், நீ வாயைத் திறக்காதே.

அடுத்த சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறையைப் பூட்டுவேன். அந்தக் கடை வாசலில் மறுபடி ஒளிந்துகொண்டு நிற்காதே. தெருவைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்கே வந்து நில்.

அந்தச் செய்தியை அழித்துவிடு. வந்த பிறகு நானே எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடுகிறேன். அண்ணா என்று வாயில் வருமா தெரியாது, நெட்டை என்றுதான் வரும். அதை வைத்துச் சமாளித்துக்கொள்.

நான்தான் எழுதுகிறேன் என்பதற்கு அடையாளம் கேட்டிருக்கிறாய். கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்துப் பார். தயவுசெய்து என்று ஒரு இடத்திலும் இருக்காது. வா.